தொண்ணூறு ஜோடிக் காலணிகள், ஓராண்டுக் கெடு

பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுங்கள், கேள்வியே கேட்க மாட்டோம் என்று ஒரு கடை அறிவித்தால் அதைப் பற்றிய பேச்சு இரண்டு வழியில்தான் போகும். இது வாங்குபவரின் உரிமை, கடைக்காரர் தன் லாபத்தில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும் என்பார்கள் சிலர். கடைக்காரர் தன் பையிலிருந்து எதையும் கொடுப்பதில்லை, மூன்று வாங்கி இரண்டைத் திருப்புகிறவருக்கும் சேர்த்து, வாங்கியதை வைத்துக்கொள்கிறவர்தான் பணம் கட்டுகிறார் என்பார்கள் மற்றவர்கள். இரண்டாவது பேச்சில் கணக்கு பெருமளவு சரி. ஆனாலும் அதிலிருந்து ‘ஆகவே ரிட்டர்னை இறுக்கிப் பிடி’ என்று போகும் முடிவு எனக்கு ஒட்டவே இல்லை. ஏன் ஒட்டவில்லை என்று தேடிப் போனால் 1912ஆம் ஆண்டின் நூறு ஜோடிக் காலணிகளிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

வைத்துக்கொண்டவர் தலையில் எவ்வளவு

ஒரு உடையின் விலை 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். கடைக்காரருக்கு அதன் கொள்முதல் 50. வீட்டுக்கு அனுப்ப 5, திரும்பி வர 5, வந்ததைப் பிரித்துப் பார்த்துத் திரும்பக் கட்டிவைக்க 4. நூறு உடைகள் போகின்றன, முப்பது திரும்பி வருகின்றன. அந்த முப்பதில் 18 புதிது போலவே இருப்பதால் மறுபடியும் முழு விலைக்குப் போகும். 8 தள்ளுபடியில் கழிவு விற்பனைக்குப் போய் ஒவ்வொன்றும் 30 கொண்டுவரும். அதாவது கொள்முதலிலேயே 20 நஷ்டம். 4 எதற்கும் ஆகாது, 50 முழுவதும் போனது. கூட்டிப் பாருங்கள். போக்குவரத்துக்கும் கைவேலைக்கும் முப்பது முறை 14, அதாவது 420. மதிப்பில் விழுந்தது 160ம் 200ம் சேர்த்து 360. மொத்தம் 780. திரும்பி வந்த ஒவ்வொரு உடைக்கும் 26.

இந்த 780ஐ நூறால் வகுப்பவர்கள் அதிகம். வகுக்க வேண்டியது எழுபதால், ஏனென்றால் பணம் தருபவர்கள் அந்த எழுபது பேர்தான். அப்போது தலைக்கு 11க்குச் சற்று மேலே வருகிறது. இந்த வகுத்தல் பிழையால்தான் ரிட்டர்ன் விகிதம் ஏறும்போது செலவு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது பலர் கண்ணில் படுவதில்லை. இதே 26ஐ வைத்துக்கொண்டு பார்த்தால், நூற்றுக்குப் பத்து திரும்பினால் வைத்துக்கொண்டவர் தலையில் சுமார் 3. இருபது திரும்பினால் 6.5. நாற்பதில் 17. ஐம்பதில் 26. பத்திலிருந்து இருபதுக்குப் போகும்போது கூடும் சுமை மூன்றரை. நாற்பதிலிருந்து ஐம்பதுக்குப் போகும்போது கூடுவது கிட்டத்தட்ட ஒன்பது. கடைசியாக ஏறும் பத்து சதவீதம்தான் விலையை உடைக்கிறது. இணையத்தில் உடையும் காலணியும் விற்பவர்கள் சைஸ் விஷயத்தில் பதறுவதற்கு இதுவே காரணம்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் போட வேண்டும். ரிட்டர்னே கிடையாது என்று அதே கடை அறிவித்தால் எழுபது உடைகள் விற்காது. தொட்டுப் பார்க்காத துணியை, போட்டுப் பார்க்காத செருப்பை நம்பி வாங்குபவர்கள் குறைவு. ஐம்பத்தைந்து விற்றதாக வைப்போம். கடையின் நிரந்தரச் செலவு, அதாவது வாடகை, ஊழியர், புகைப்படம், விளம்பரம் எல்லாம் சேர்த்து 1500 என்றால், எழுபதுக்குப் பங்கிடும்போது தலைக்கு 21.4, ஐம்பத்தைந்துக்குப் பங்கிட்டால் 27.3. ஏறத்தாழ 6 மிச்சம். ஆகவே தாராள ரிட்டர்ன் விலையில் ஏற்றிய 11இல் பாதிக்கு மேல் அதுவே இறக்கியும் விடுகிறது. மீதி ஐந்து, அளவு தவறினால் பணம் போகாது என்ற நிம்மதிக்கு வாங்குபவர் கட்டும் காப்பீட்டுத் தொகை. எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை. கடைக்குக் கடை மாறும். ரிட்டர்ன் விலையை ஏற்றுகிறது, இறக்கவும் செய்கிறது, எந்தப் பக்கம் சாயும் என்பது திரும்பி வரும் ஒவ்வொரு பெட்டியிலும் எவ்வளவு மதிப்பு மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது என்கிற அமைப்பு மட்டும் மாறாது.

மொத்த அளவும் சின்னதல்ல. அமெரிக்காவின் தேசிய சில்லறை வணிகக் கூட்டமைப்பு 2024ஆம் ஆண்டுக்குப் போட்ட மதிப்பீட்டில், விற்றதில் 16.9 சதவீதம், அதாவது 89,000 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கு, கடைகளுக்குத் திரும்புகிறது.

திரும்பிய பெட்டிக்குள்

அந்த மதிப்பு எங்கே கரைகிறது? கிடங்கு வாசலில் இறங்கியதும் பெட்டி சரக்காகிவிடுவதில்லை. முதலில் ரிட்டர்ன் எண்ணை ஸ்கேன் செய்து, உள்ளே இருப்பது அனுப்பிய அதே பொருள்தானா, அதே நிறம், அதே சைஸா என்று பார்க்க வேண்டும். மின்னணுப் பொருள் என்றால் வரிசை எண் ஒத்துப்போக வேண்டும்; பழையதைப் பெட்டியில் வைத்துப் புதியதை எடுத்துக்கொள்வது பழைய தந்திரம். உடையில் கழுத்துப்பட்டியில் ஒப்பனைக் கறை, அக்குளில் வியர்வை வாடை, வாசனைத் திரவியம், வளர்ப்பு விலங்கின் முடி, காலணியில் அடிப்பாகத் தேய்மானம் என்று ஒவ்வொன்றுக்கும் கண்ணும் மூக்கும் வேண்டும். இதை இயந்திரம் முழுதாகச் செய்துவிடாது. பிறகு தரம் பிரிக்கிறார்கள்: புதிது, திறந்தது, பயன்படுத்தியது, கழிவு. முதல் தரத்தைக்கூட மடித்து, ஆவி இஸ்திரி போட்டு, புது உறையில் இட்டு, டேக் மாட்டி, அடுக்கில் ஏற்றி, கணினியில் இருப்புக் காட்டிய பிறகுதான் மறுபடி விற்க முடியும்.

இந்த வரிசையில் நாட்கள் நழுவுகின்றன. பன்னிரண்டு வாரம் ஓடும் ஒரு பருவ உடையை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது நாள் கெடுவின் கடைசி நாளில் திருப்பினால், போக வர பத்து நாளும் கிடங்கு வரிசையில் ஒரு வாரமும் சேர்த்து ஏழு வாரம் போய்விடும். அது அடுக்குக்கு வரும்போது அதன் பக்கத்தில் தள்ளுபடிச் சீட்டு தொங்கும். உடையில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை, ஆனாலும் மதிப்பில் கால்வாசி போயிருக்கும். ஒரு போனைத் திருப்பும்போது உரிமையாளர் தன் கணக்கிலிருந்து வெளியேறாமல் அனுப்பிவிட்டால், பூட்டிய போன் அதே போல் கிடங்கில் கிடக்கும்; கடவுச்சொல் தெரிந்தவர் திறக்கும் வரை உதிரிப் பாகத்தின் விலைதான் அதற்கு. திறந்த அழகுசாதனமும் சுகாதார ஒட்டுப் பிரிந்த உள்ளாடையும் நேராகக் குப்பைக்குப் போகும். நூறு இரவு படுத்துப் பார்க்கலாம் என்று விற்ற மெத்தை திரும்பினால் அதைப் புதிது என்று மறுபடி விற்க வழியில்லை. தானமாகவோ பிரித்து மறுசுழற்சிக்கோ போகிறது.

சில பொருள்களுக்கு இந்த வேலையெல்லாம் கூட்டினால் பொருளின் மிச்ச மதிப்பைவிட அதிகமாகிவிடும். அங்கேதான் ‘பணத்தைத் தருகிறோம், பொருளையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கடைகள் சொல்வது. வாங்குபவருக்கு இது கருணையாகத் தெரியும். கடைக்கு இது வெறும் கூட்டல் கழித்தல். எந்த விலைக்குக் கீழே அப்படிச் சொல்கிறார்கள் என்பது வெளியே தெரிந்துவிட்டால் அந்த விலைக்குக் கீழே உள்ள புகார்கள் பெருகும் என்பதால், அந்த எல்லையை யாரும் அறிவிப்பதில்லை.

மீதி சரக்கு லாட் லாட்டாக, பெட்டிகள் அடுக்கிய மரப்பலகைக் கணக்கில் கழிவு வியாபாரிகளுக்குப் போகிறது. அழிப்பதும் நடந்திருக்கிறது, நிறையவே. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த விதிமுறையின்படி, விற்காத உடையையும் காலணியையும் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கு 2026 ஜூலை 19 முதல் தடை. வாங்கியவர் திருப்பி அனுப்பியதும் அந்த ‘விற்காத’ கணக்கில் சேரும். நல்ல சட்டம். அழிப்பது மலிவு என்ற நிலைமையை மாற்றினால்தான் திரும்பி வருவதைக் குறைக்க யாருக்கும் அக்கறை பிறக்கும்.

நூற்றில் தொண்ணூறு

இனி அந்தக் காலணிகள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் லியான் லியான்வுட் பீன் என்பவர் 1912இல் வேட்டைக்காரர்களுக்கென்று ஒரு காலணி செய்தார். அடிப்பாகம் ரப்பர், மேல்பாகம் தோல். வெளி மாநிலத்திலிருந்து வந்து வேட்டை உரிமம் வாங்கியவர்களின் முகவரிப் பட்டியலைப் பிடித்து, திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ் என்ற வாக்குடன் அஞ்சலில் விற்றார். முதலில் போன நூறு ஜோடியில் தொண்ணூறு திரும்பி வந்தது. ரப்பரும் தோலும் இணைகிற இடம் பிரிந்துபோயிருந்தது. பீன் எல்லாருக்கும் பணத்தைக் கொடுத்தார், கடன் வாங்கினார், ரப்பரை மாற்றிச் செய்தார், மறுபடி விற்றார். எல்.எல்.பீன் என்ற நிறுவனம் எழுந்தது அந்தத் தொண்ணூறின் மேல்.

நூறாண்டுக்கு மேல் அந்த நிறுவனம் காலக்கெடு இல்லாமல் எதையும் திரும்பப் பெற்றது. 2018 பிப்ரவரியில் அதை நிறுத்தியது. வாங்கிய ஆதாரத்துடன் ஓராண்டுக்குள் வர வேண்டும் என்று கெடு வைத்தது. நிறுவனத் தலைவர் எழுதிய கடிதத்தில் காரணம் இருந்தது: பல ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்தவற்றுக்கும், பழைய பொருள் விற்கும் இடங்களில் யாரிடமோ வாங்கியவற்றுக்கும் பணம் கேட்டு வருகிறார்கள். ஐந்தாண்டில் 25 கோடி டாலர் அப்படிப் போனதாக நிறுவனம் சொன்னது. மலையேற்றக் கருவிகள் விற்கும் ஆர்.இ.ஐ. கூட்டுறவு 2013இலேயே இதே ஓராண்டுக்கு இறங்கியிருந்தது. காஸ்ட்கோ என்ற பெரிய சில்லறைக் கடை நிறுவனம் 2007இல் தொலைக்காட்சி போன்ற மின்னணுப் பொருள்களுக்கு மட்டும் 90 நாள் வைத்தது.

இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் மனிதர்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்ற இடத்தில் நின்றுவிடுகிறார்கள். என் கண்ணுக்கு வேறொன்று படுகிறது. 1912இல் திரும்பிய தொண்ணூறு ஜோடியும் ஒரே செய்தியைச் சொல்லின: இந்த இடத்தில் பிரிகிறது. அந்தச் செய்தி செய்தவர் கைக்கே நேராகப் போனது. அவர் அந்த இடத்தைச் சரிசெய்தார். அன்று கொடுத்த பணம் செலவு என்பதைவிட ஆராய்ச்சிக்குக் கொடுத்த கூலி. 2018இல் குப்பையாக வந்த பொருள் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. இருபது வருடம் உழைத்த பை கிழிந்தது என்பதிலிருந்து தையல்காரர் கற்க என்ன இருக்கிறது? இரண்டும் ஒரே கவுண்டரில், ஒரே படிவத்தில், ஒரே தலைப்பில் பதிவாகின்றன. ஆனால் முதலாவது அடுத்த பொருளின் விலையைக் குறைக்கிறது, இரண்டாவது ஏற்றுகிறது. அந்த 2018 மாற்றத்திலேயே அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு: மூலப்பொருளிலோ வேலைப்பாட்டிலோ குறை என்றால் ஓராண்டுக்குப் பிறகும் பரிசீலிப்போம். வெளியே இருந்து பார்த்தவர்கள் வாக்கு முறிந்தது என்றார்கள். 1912இல் கொடுத்த வாக்கு எதுவோ அதற்கே திரும்பிப் போனார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாராளம் என்பது ஒன்றல்ல

கடைக்காரர் இறுக்குவதா தளர்த்துவதா என்று கேட்பதே தப்பு. எதை என்று கேட்க வேண்டும். 2016இல் ஜர்னல் ஆஃப் ரீடெய்லிங் இதழில் நாராயண் ஜானகிராமன், ஹோலி சிர்டல், ரயன் ஃப்ரெலிங் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தாராளத்தை ஐந்தாகப் பிரித்தார்கள்: எத்தனை நாள், எவ்வளவு பணம் திரும்பும், எவ்வளவு அலைச்சல், எந்தெந்தப் பொருள் செல்லும், பணமா மாற்றுப் பொருளா. மொத்தத்தில் தாராளம் ரிட்டர்னைக் கூட்டுவதைவிட விற்பனையை அதிகம் கூட்டுகிறது. பணமும் அலைச்சலின்மையும் வாங்கத் தூண்டுகின்றன. எந்தப் பொருளானாலும் வாங்கிக்கொள்கிறோம் என்பது ரிட்டர்னைப் பெருக்குகிறது. நாட்களைக் கூட்டினால் ரிட்டர்ன் குறைகிறது.

இந்தக் கடைசிதான் பலர் நம்ப மறுப்பது. பதினைந்து நாள் கெடு இருந்தால் பொருள் பிரிக்காத பெட்டியோடு மூலையில் இருக்கும், பில் மேலேயே இருக்கும், முடிவெடு முடிவெடு என்று கெடு துரத்தும். சந்தேகம் இருப்பவர் திருப்பிவிடுவதே பத்திரம் என்று நினைப்பார். தொண்ணூறு நாள் என்றால் பெட்டியைப் பிரித்துவிடுவார், பயன்படுத்துவார், பொருள் அவருடையதாகிவிடும். கையில் இருப்பதற்கு மனம் கூடுதல் விலை போடும் என்பதை டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெறும் காபிக் குவளைகளை வைத்துக் காட்டினார்கள்.

ஆனாலும் எல்லாவற்றுக்கும் தொண்ணூறு நாள் கொடு என்று நான் சொல்ல மாட்டேன். எண்ணிக்கை குறையும், ஆனால் வருவது தாமதமாக வரும். கருவி, பாத்திரம், மேசை நாற்காலி போல விலை இறங்காத பொருளுக்கு நீண்ட கெடு சரி. பருவ உடைக்கும் மின்னணுப் பொருளுக்கும் ஒவ்வொரு வாரமும் மதிப்பை அரிக்கும். அங்கே கெடு குறைவாகவும் அலைச்சல் சுலபமாகவும் இருப்பது மேல். கட்டணம் வைப்பதிலும் இதே நுணுக்கம் உண்டு. ஸாரா என்ற உடை நிறுவனம் 2022இல் பிரிட்டனில் இணையத்தில் வாங்கியதை மூன்றாம் தரப்பு மையத்தில் திருப்பினால் 1.95 பவுண்டு பிடித்தது; கடையில் நேராகக் கொடுத்தால் இலவசம். பணத்தைவிட, பொருள் எந்த வழியில் திரும்புகிறது என்பதை மாற்றும் ஏற்பாடு அது. கடைக்கு வந்த உடை அன்றே அடுக்கில் தொங்கும்.

‘எந்தப் பொருள், எந்த நிலையில்’ என்பதற்குத்தான் தெளிவான கோடு வேண்டும். அமெரிக்காவில் ஜே.ஆர்.வாட்கின்ஸ் என்பவர் 1868இல் தொடங்கிய நிறுவனம், வலிக்குத் தேய்க்கும் தைலத்தை விற்ற புட்டியின் கண்ணாடியிலேயே ஒரு கோட்டை வார்த்து வைத்தது. அந்தக் கோடு வரை தேய்த்துப் பாருங்கள், குணமில்லையென்றால் பணம் வாபஸ். சோதிப்பது எதுவரை, உபயோகிப்பது எங்கிருந்து என்பது புட்டியிலேயே இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் அதே கோட்டைச் சொற்களால் போடுகிறது. தொலைவிலிருந்து வாங்கியதைக் காரணம் சொல்லாமல் 14 நாளில் திருப்பலாம். ஆனால் கடையில் நின்றால் எப்படிப் பார்ப்போமோ அதற்கு மேல் கையாண்டு மதிப்பு குறைந்தால், அந்தக் குறைவு வாங்கியவர் பொறுப்பு. உடையைப் போட்டுப் பார்க்கலாம், உடுத்திக்கொண்டு போகக் கூடாது. விற்பவர் ஏற்றுக்கொண்டாலொழிய அனுப்பும் செலவும் வாங்கியவருடையதுதான். விருந்துக்கு உடுத்திவிட்டு மறுநாள் திருப்புகிறவர்களைத் தடுக்கச் சில கடைகள் உடையின் முன்பக்கம் கண்ணில் படும் இடத்தில் பெரிய டேக்கை மாட்டுவதும் இந்தக் கோடுதான். யாரையும் திருடர் என்று சொல்லாமல், யாரையும் விசாரிக்காமல் வேலை நடந்துவிடுகிறது.

சைஸ் என்ற பெரிய ஓட்டை

ஏமாற்றுகிறவர்களைப் பற்றிப் பேசும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கை சைஸ் அட்டவணைக்குக் கொடுத்தால் விலை இறங்கும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரே சட்டையை மூன்று சைஸில் வரவழைத்து இரண்டைத் திருப்புகிறவரைப் பேராசைக்காரர் என்பது அநியாயம். ‘எம்’ என்ற எழுத்து எதைக் குறிக்கிறது என்று கடை சொல்லவில்லை. அவர் வீட்டையே துணி மாற்றும் அறையாக்கிக்கொண்டார். மார்பு, தோள், உடல் நீளம், கை நீளம் நான்கையும் உடையைத் தரையில் விரித்து அளந்த சென்டிமீட்டரில், சைஸ் வாரியாகத் தர வேண்டும். உடலின் அளவா உடையின் அளவா என்று எழுத வேண்டும். இந்த ஒரு குழப்பமே எத்தனையோ பெட்டிகளைத் திருப்பி அனுப்புகிறது. தையலில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். துணியின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் ஒரு படம், கையில் கசக்கிப் பிடித்து ஒரு படம்.

வாங்குபவர் பக்கமும் செய்ய முடிந்தது நிறைய. தனக்குக் கச்சிதமாக இருக்கும் ஒரு சட்டையை விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து வைத்துக்கொண்டால் போதும், பாதி ஊகம் ஒழியும். பெட்டியை ஒட்டுநாடா வழியாக மட்டும் அறுப்பது, டேக்கையும் சுகாதார ஒட்டையும் தொடாமல் போட்டுப் பார்ப்பது, மின்னணுப் பொருளில் முதலில் கணக்கிலிருந்து வெளியேறிப் பிறகு தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது, வடங்களை எண்ணி வைப்பது. திருப்புவது என்று முடிவானால் இருபத்தெட்டாம் நாள் வரை வைத்திருக்காமல் இரண்டாம் நாளே அனுப்புவது. மேலே போட்ட கணக்கில் கழிவு விற்பனைக்குப் போன அந்த எட்டில் சில, இதனாலேயே முழு விலைக்குப் போகும்.

பிறகு அந்தக் காரணப் பட்டியல். திருப்பும் படிவத்தில் ஆறேழு காரணங்கள் இருக்கும். ‘மனம் மாறியது’ பெரும்பாலும் மேலேயே இருக்கும், எல்லாரும் அவசரத்தில் அதைத் தட்டிவிடுவார்கள். ‘அளவு சரியில்லை’ என்று ஒரே ஒரு பெட்டி வைத்திருக்கும் கடைக்கு, தோள் இறுக்கமா இடுப்பு தொளதொளப்பா என்று தெரிய வழியில்லை. அதைத் தோள், மார்பு, இடுப்பு, நீளம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெரிது சிறிது என்று இரண்டு கட்டம் வைத்து, பொருள் வாரியாக வாரம் ஒருமுறை யாராவது உட்கார்ந்து பார்த்தால், எந்தச் சட்டையின் தோளை ஒரு சென்டிமீட்டர் விட வேண்டும் என்பது இருபது முப்பது ரிட்டர்னிலேயே தெரிந்துவிடும். கட்டங்கள் இருந்தும் வாங்கியவர் ‘மனம் மாறியது’ என்று தட்டினால் அந்தத் தோள் அப்படியே இருக்கும், அடுத்து வாங்குகிறவருக்கும் இறுக்கும், அந்தப் பெட்டியும் திரும்பி வரும்.